பெரிய பள்ளியின் வயது

என் அத்தா திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் புத்தக பைண்டிங் கடை வைத்திருந்தார். கணக்கு எழுதும் பேரேட்டில் ஒவ்வொரு பக்கத்தைத் தொடங்குவதற்கு முன்பும் மேலே நடுவில் 786 என்று எழுதுவார். பக்கத்துக் கடை மளிகைக்காரர் தம்முடைய நோட்டில் அதே இடத்தில் பிள்ளையார் சுழி போடுவதையும் பார்த்து வளர்ந்த எனக்கு, இரண்டும் ஒரே வேலைக்கான இரண்டு குறிகள் என்ற அளவில்தான் புரிந்திருந்தது. ஆட்டோக்களின் முன்கண்ணாடியிலும் பிரியாணிக் கடைப் பலகைகளிலும் அந்த எண்ணைச் சென்னை முழுவதும் பார்க்கலாம். அது ஏன் 785 ஆகவோ 787 ஆகவோ இல்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றியது 1993-ஆம் ஆண்டு ரமலானில்தான். அப்போது எனக்குப் பதினொரு வயது.

அந்த ஆண்டு நோன்பு மாசி மாதத்தில் வந்தது. பிற்பகல் தொழுகையான அஸர் முடிந்தபின் நோன்பு திறக்கும் நேரம் வரைக்கும் அத்தா என்னைப் பெரிய பள்ளியின் முற்றத்தில் உட்கார வைத்திருப்பார். வாலாஜா பள்ளிவாசல் என்பது அதன் முறையான பெயர். பேட்டைக்காரர்களுக்கு அது பெரிய மசூதி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் வீட்டில் மட்டும் அதைப் பெரிய பள்ளி என்போம். அத்தாவின் கடைக்குப் பார்சி என்னும் பாரசீக மொழியிலும் உருதுவிலும் உள்ள பழைய நூல்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து தைக்கக் கொடுக்கும் ஒரு பெரியவரும் அந்த நேரத்தில் அங்கே வந்து அமர்வார். அத்தா அவரை 'ஹஜ்ரத்' என்று அழைப்பார். அத்தாவுக்கு உருது பாதிதான் தெரியும், அவருக்குத் தமிழ் முக்கால்வாசி தெரியும், அந்த இரண்டுக்கும் இடையில் அவர்களுடைய நட்பு நன்றாகவே நடந்தது. பள்ளி எந்த வருடம் கட்டப்பட்டது என்று நான் கேட்டபோது ஹஜ்ரத் வருடத்தைச் சொல்லவில்லை. "கல்லிலேயே எழுதியிருக்கு. நீயே கூட்டிப் பார், தம்பி" என்றார்.

கல்லில் எண் எதுவும் இல்லை. பார்சிச் செய்யுள் ஒன்றுதான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் மூன்று சொற்கள் இருக்கின்றன: ஜிக்ருல்லாஹி அக்பர். 'அல்லாஹ்வை நினைவுகூர்வதே மிகப் பெரியது' என்று பொருள். குர்ஆனின் 29-ஆவது அத்தியாயத்தில், தொழுகை மனிதனைத் தீய செயல்களிலிருந்து தடுக்கிறது என்று சொல்லும் 45-ஆவது வசனத்தில் இந்தச் சொற்கள் வருகின்றன. பள்ளிவாசல் ஒன்றில் பொறிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொற்களைத் தேடுவது கடினம். ஆனால் பொருளுக்காக மட்டும் அவை தேர்ந்தெடுக்கப்படவில்லை.

அரபு எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. அலிஃபுக்கு 1, பேக்கு 2 என்று தொடங்கி, ஒன்றுகளும் பத்துகளும் நூறுகளுமாக ஏறி 1000-இல் முடியும் அந்த வரிசைக்கு அப்ஜத் என்று பெயர். பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம் என்ற தொடரின் எழுத்துகளை இந்த முறையில் கூட்டினால் 786 வருகிறது. கடைப் பேரேட்டின் தலையில் அத்தா எழுதியது ஒரு கூட்டுத்தொகை என்பதை அன்றுதான் அறிந்தேன். இறைவனின் பெயரைக் காலடியில் கிடக்கக்கூடிய காகிதத்தில் எழுத மனம் வராமல், எண்ணாக எழுதும் வழக்கம் அது.

சிறுவர்களுக்கு ஓதக் கற்றுத்தரும் மாலை மக்தபில் குர்ஆன் ஓதக் கற்றிருந்ததால் எனக்கு எழுத்துகள் தெரியும், பொருள்தான் தெரியாது. ஹஜ்ரத் ஒரு பழைய அட்டைத் துண்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாக எழுதி, எதிரே மதிப்பையும் எழுதினார். முதல் சொல் 'ஜிக்ர்': தால் 700, காஃப் 20, ரே 200, ஆக 920. இரண்டாவது சொல் 'அல்லாஹ்': அலிஃப் 1, லாம் 30, இன்னொரு லாம் 30, ஹே 5, ஆக 66. மூன்றாவது சொல் 'அக்பர்': அலிஃப் 1, காஃப் 20, பே 2, ரே 200, ஆக 223. மூன்றையும் கூட்டச் சொன்னார். பதினொரு வயதுப் பையனுக்கு இது பெரிய கணக்கு இல்லை. 1209 வந்தது. ஹிஜ்ரி 1209, அதாவது 1794 ஜூலைக் கடைசியில் தொடங்கி 1795 ஜூலை நடுவில் முடிந்த ஆண்டு. பள்ளிவாசல் கட்டப்பட்ட ஆண்டாக எல்லாக் குறிப்புகளும் தரும் 1795 அதற்குள் அடங்கிவிடுகிறது.

அந்தக் கணம் எனக்கு இன்னும் நினைவில் இருப்பதற்குக் காரணம், விடை சரியாக வந்தது என்பது மட்டும் அல்ல. நாள்தோறும் கூட்டம் கூட்டமாக மனிதர்கள் வந்துபோகும் ஒரு கட்டடம் தன் வயதை எல்லோர் கண்ணுக்கும் முன்னால், அதே சமயம் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்திருக்கிறது என்ற செய்திதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இத்தனைக்கும் இந்த மூன்று சொற்கள் தொழுகைக்கு வருபவர்களுக்கு அன்னியமானவை அல்ல. அதே வேர்ச்சொற்கள் ஒரு நாளில் பலமுறை அவர்கள் நாவிலேயே புரள்கின்றன.

இன்னொரு நுட்பத்தை நான் பிடிப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. குர்ஆன் வசனத்தில் இந்தத் தொடர் 'வலஜிக்ருல்லாஹி அக்பர்' என்று தொடங்குகிறது. முன்னால் நிற்கும் வாவும் லாமும் 'மேலும்', 'உறுதியாக' என்ற பொருளைத் தரும் இரண்டு எழுத்துகள். வாவுக்கு 6, லாமுக்கு 30. அவற்றையும் சேர்த்திருந்தால் தொகை 1245 ஆகியிருக்கும். கட்டடத்தின் வயதில் முப்பத்தாறு ஆண்டுகள் பிசகியிருக்கும். அந்த இரண்டு எழுத்துகளையும் விட்டுவிட்டு, பொருள் சிதையாமல், வசனத்தை அறிந்த எவருக்கும் அதன் ஓசை கேட்கும்படி மூன்று சொற்களை மட்டும் எடுத்து ஆண்டைச் சரியாக நிறுத்தியிருக்கிறார் கவிஞர். யாரோ ஒருவர் ஒரு மாலை முழுவதும், அல்லது பல மாலைகள், வசனங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, இதில் வந்து நின்றிருக்க வேண்டும். அவர் முகத்தில் அப்போது தோன்றியிருக்கக்கூடிய மகிழ்ச்சியை நான் அடிக்கடி கற்பனை செய்துகொள்வதுண்டு.

அவர் பெயர் ராஜா மக்கன் லால் கிரத். நவாப் முகமது அலி வாலாஜாவின் அரசவையில் முன்ஷியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். இந்து. பள்ளிவாசலுக்குள், குர்ஆன் சொற்களைக் கொண்டு, அதன் ஆண்டை எழுதிக் கொடுக்கும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டிருக்கிறது, அவர் எழுதிக் கொடுத்ததைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். இன்று இதை மதநல்லிணக்கத்தின் அடையாளமாக நாளிதழ்கள் ரமலான்தோறும் எழுதுகின்றன. அதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் அன்றைய அரசவையில் இது வியப்புக்குரிய செய்தியாகவே இருந்திருக்காது என்று நினைக்கிறேன். பார்சி அன்று ஒரு மதத்தின் மொழியாக இல்லை. அது கடிதத்தின் மொழி, கணக்கின் மொழி, மனுவின் மொழி. வட இந்தியாவிலிருந்து தெற்கே வந்த அரசவைகளில் எழுத்துவேலை செய்த இந்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அதைக் கற்றன. அதிலேயே கவிதையும் எழுதின. நன்றாக ஆண்டுச் செய்யுள் எழுதக்கூடியவர் யாரோ அவரிடம் எழுதச் சொன்னார்கள் என்பதுதான் நடந்தது. அந்த இயல்புதான், நாம் இன்று வைக்கும் பெயரைவிட, எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

எழுத்துக்குள் எண்ணை ஒளித்து வைக்கும் கலை நமக்கும் புதிது அல்ல. தமிழ் எண்களே எழுத்துகளின் உருவத்தில்தான் இருக்கின்றன. ககரத்தைப் போல் எழுதினால் ஒன்று, உகரத்தைப் போல் எழுதினால் இரண்டு. மார்கழியில் இந்த நகரத்தின் சபாக்களில் பாடப்படும் மேளகர்த்தா ராகங்களின் பெயர்களும், மெய்யெழுத்துகளுக்கு எண் மதிப்புத் தரும் கடபயாதி முறையில் தங்கள் வரிசை எண்ணைச் சுமந்துகொண்டுதான் நிற்கின்றன. மேசகல்யாணி என்ற பெயரில் 'மே' என்பது 5, 'ச' என்பது 6. திருப்பிப் படித்தால் 65. ஒரு சங்கீத ரசிகரான என் அலுவலக நண்பரிடம் பெரிய பள்ளியின் கல்லெழுத்தைப் பற்றி நான் சொன்னபோது, விளக்கம் எதுவும் தேவைப்படாமல் முதல் வாக்கியத்திலேயே புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

ஹிஜ்ரி 1209 என்ற ஆண்டில் நவாப் எந்த நிலையில் இருந்தார் என்பதை அறிந்தால் அந்தக் கட்டடம் வேறு மாதிரித் தெரியத் தொடங்குகிறது. முகமது அலியின் தந்தை அன்வருத்தீன் கான் 1749-இல் ஆம்பூர்ப் போரில் கொல்லப்பட்டார். அதன்பின் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கு ஒருவரை முன்னிறுத்தி நடத்திய போர்களில், ஆங்கிலேயர் தாங்கிப் பிடித்தவராக முகமது அலி ஆர்க்காட்டு நவாப் ஆனார். 1765-இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலமிடமிருந்து வாலாஜா என்ற பட்டம் கிடைத்தது. ஹைதராபாத் நிஜாமுக்குக் கட்டுப்படாத தனி அதிகாரமும் அதோடு சேர்ந்து வந்தது. 1768-இல் சேப்பாக்கத்தில் அரண்மனை எழும்பியது. ஆர்க்காட்டில் இருக்க வேண்டிய நவாப், ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டைப் பீரங்கிகளுக்கு எட்டும் தூரத்தில், தம்மைத் தாங்கியவர்களின் நிழலிலேயே குடியேறினார்.

நிழல் விலையில்லாமல் கிடைக்கவில்லை. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைச் செலவை அடைக்கக் கம்பெனி ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். வட்டிக்கு வட்டி ஏறியது. கடனுக்கு ஈடாக ஊர் ஊராக வரிவசூலை எழுதிக் கொடுத்தார். அந்த வசூல் தமிழ்நாட்டு உழவர்களின் களத்துமேட்டில் இருந்துதான் வந்தது என்பதை நான் மறக்க விரும்பவில்லை. எங்கள் முன்னோர் வாழ்ந்த காவிரிக் கரையும் அந்தக் கடன் விளையாட்டில் சிக்கிய நிலம்தான். 1785-இல் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் அளவுக்கு அது உலகறிந்த ஊழலாகியிருந்தது. பள்ளிவாசல் கட்டப்பட்டபோது நவாபுக்கு எழுபதுக்கு மேல் வயது. அதிகாரம் ஏறக்குறைய கை நழுவியிருந்தது. 1795 அக்டோபரில் அவர் இறந்தார். கல்லில் உள்ள ஆண்டு முடிந்து மூன்றே மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆறு ஆண்டுகளில் அவர் மகன் உம்தத்துல் உமராவும் இறந்தார். அதே 1801-இல், அன்று கர்நாடகம் என்று அழைக்கப்பட்ட ஆர்க்காட்டு நவாபின் நாடு முழுவதும் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் போனது.

இதையெல்லாம் படித்தபின் முற்றத்தில் நின்று பார்க்கும்போது, அந்தச் சாம்பல்நிறக் கருங்கல் கட்டடம் தன் காலத்து அரசியலோடு சேராமல் நிற்பதாக எனக்குத் தோன்றும். நவாபின் பெயரில் இருந்த எல்லாமே கடனாகவும் காகிதமாகவும் மாறிக்கொண்டிருந்த வேளையில், இது மட்டும் கல்லாக எழுந்திருக்கிறது. மரமும் இரும்பும் சேர்க்காமல் கட்டப்பட்ட பள்ளி என்று இதைச் சொல்வார்கள். கடலிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள திருவல்லிக்கேணியில் குடியிருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எங்கள் வாடகை வீட்டு ஜன்னல் கம்பிகள் உப்புக்காற்றில் செதில் செதிலாக உதிர்வதையும், மரச்சட்டங்களைக் கரையான் உள்ளிருந்தே தின்று முடிப்பதையும் பார்த்து வளர்ந்தவன் நான். துருப்பிடிக்க இரும்பும் செல்லரிக்க மரமும் இல்லாத சுவருக்கு அந்த இரண்டு கவலையும் இல்லை. முகப்பின் இருபுறமும் எழும் இரண்டு மினாராக்களை முற்றத்தின் தொலைவிலிருந்து பார்க்க வேண்டும்; படிகளேறி மேடைக்கு வந்தபின் அவை கண்ணுக்கு முழுமையாக அடங்குவதில்லை. முற்றம்தான் இந்தப் பள்ளியின் பெரிய செல்வம். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் என்ற நிலையில் வாழும் ஒரு பேட்டையில், இவ்வளவு வானம் ஒரே இடத்தில் கிடைப்பது எவ்வளவு பெரியது என்பதை அங்கே வளரும் குழந்தைகள் அறிவார்கள்.

சென்னையின் மிகப் பழைய பள்ளிவாசல் இதுதானா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. இல்லை. இந்தக் கடற்கரைக்கும் இஸ்லாமுக்கும் உள்ள தொடர்பு, நகரம் பிறப்பதற்கு முன்பே இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, மயிலாப்பூரிலுள்ள புனித தோமாவின் கல்லறையைக் கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் போற்றினார்கள் என்று குறிப்பிடுகிறார். ஆங்கிலேயர் கோட்டை கட்டியபின் கறுப்பர் பட்டணத்தில் மூர் தெரு உண்டானது. முஸ்லிம் வணிகர்களை ஐரோப்பியர் மூர்கள் என்று அழைத்ததன் எச்சம் அந்தப் பெயர். அங்கே ஒரு பள்ளிவாசலைக் கட்டிக் கொடுத்தவர் கம்பெனியின் தலைமை வணிகராக இருந்து 1680-இல் இறந்த காசி வீரண்ணா என்பது, நகர வரலாற்றை எழுதியவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அவரும் இந்துதான். முதலில் அறியப்படும் பள்ளியின் பெயரோடு ஒரு வீரண்ணா, பெரிய பள்ளியின் ஆண்டோடு ஒரு மக்கன் லால் என்று இந்த நகரத்தின் பள்ளிவாசல் வரலாறு நடந்திருக்கிறது. பெரிய பள்ளிக்கு இருப்பது முதன்மை என்ற பெருமை அல்ல. தன் ஆண்டைத் தன் வாயாலேயே சொல்லும் பெருமை. அது போதும் என்பது என் எண்ணம்.

நவாபின் வருகைக்கு முன் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். 1676-இல் அது கோல்கொண்டாவிடமிருந்து கம்பெனிக்குக் குத்தகையாக வந்தது. சேப்பாக்கம் அரண்மனைக்குப்பின்தான் படைவீரர்களும் ஹக்கீம்கள் என்னும் மருத்துவர்களும் சமையல்காரர்களும் எழுத்தர்களும் ஆலிம்கள் என்னும் மார்க்க அறிஞர்களுமாக உருது பேசும் ஒரு பேட்டை, கோயில் ஊரின் பக்கத்திலேயே உருவானது. அந்த ஆலிம்களில் தலையாயவர் லக்னோவின் ஃபிரங்கி மஹல் குடும்பத்தைச் சேர்ந்த மௌலானா அப்துல் அலி. இந்தியாவின் அரபு மதரஸாக்களில் இன்றும் பின்பற்றப்படும் தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஜாமுத்தீனின் மகன். லக்னோவை விட்டு வெளியேறி, ஷாஜஹான்பூர், ராம்பூர், வங்காளத்தின் புஹார் என்று ஒவ்வோர் ஊராகப் பாடம் நடத்திக்கொண்டே வந்து, வாலாஜாவின் அழைப்பை ஏற்றுச் சென்னையில் நிலைத்தார். அவர் வந்திறங்கியபோது நவாபே பல்லக்குக்குத் தோள் கொடுத்தார் என்று சொல்வார்கள். பஹ்ருல் உலூம், அறிவுகளின் கடல், என்ற பெயரால்தான் அவரை உலகம் அறியும். 1810-இல் இறந்தார். பள்ளிவாசல் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். வடக்கில் அவருடைய உரைகளைப் படிக்கும் மாணவர்கள், அந்த மனிதர் வங்கக் கடலோரத்தில் ஒரு தமிழ்நகரத்தில் உறங்குகிறார் என்பதை அறிந்தால் வியப்படைவார்கள்.

பிந்தைய நவாபுகளின் கதை சுருக்கமானது. 1801-க்குப்பின் பட்டம் இருந்தது, ஆட்சி இல்லை. 1855-இல் குலாம் முகமது கௌஸ் கான் வாரிசு இல்லாமல் இறந்ததும் பட்டமும் ஒழிக்கப்பட்டது. அரண்மனை அரசாங்கத்தின் கைக்குப் போனது. அவருடைய சித்தப்பா அஜீம் ஜாவுக்கு 1867-இல் ஆர்க்காட்டு இளவரசர் என்ற பெயர் தரப்பட்டது. அந்தக் குடும்பம் பின்னர் ராயப்பேட்டை அமீர் மஹாலுக்குக் குடிபெயர்ந்தது. பெரிய பள்ளி இன்றும் அந்தக் குடும்பத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது.

எனக்கு இவற்றைவிடப் பெரிய மாற்றமாகத் தெரிவது 1837-இல் நடந்தது. அந்த ஆண்டு கம்பெனி அரசு அலுவல்மொழி என்ற இடத்திலிருந்து பார்சியை நீக்கச் சட்டம் இயற்றியது. ஒரு மொழி அலுவலகத்தை விட்டுப் போனால், இரண்டு தலைமுறைகளில் அது வீட்டையும் விட்டுப் போய்விடும். கல்லெழுத்து அப்படியேதான் இருந்தது. அதைப் படிக்கக்கூடிய கண்கள் குறைந்துகொண்டே வந்தன. மக்கன் லாலைப் போன்ற ஒருவரை உருவாக்கிய கல்வியே இல்லாமல் போயிற்று. ஹஜ்ரத் அத்தாவின் கடைக்குக் கொண்டுவந்த நூல்கள் எல்லாம் அப்படி ஏதோ ஒரு வீட்டில் கடைசியாகப் படித்தவர் இறந்தபின் வெளியே வந்தவைதான். பழுப்பேறி நொறுங்கும் தாள்களை மெல்லப் பிரித்து, பசையைச் சுரண்டி, மறுபடி தைத்து, காலிகோ ஒட்டிக் கொடுப்பார் அத்தா. ஒரு வரிகூட அவருக்குப் படிக்கத் தெரியாது. இருந்தும், பக்க வரிசை மாறிவிடக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை எழுதிவைக்கும் பழைய வழக்கத்தைக் கற்றுக்கொண்டு, அந்த எழுத்துகளின் உருவத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து அடுக்குவார். அவர் தைத்த நூல் ஒன்றில் பக்கம் மாறியதாக ஹஜ்ரத் ஒருமுறையும் சொன்னதில்லை.

தமிழ் பேசும் முஸ்லிமான எனக்கு அந்த முற்றத்தில் ஒரு தயக்கம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்னைச் சுற்றிலும் உருது கேட்கும். அத்தாவும் நானும் தமிழில் பேசிக்கொண்டிருப்போம். நவாபின் பள்ளியில் நாம் விருந்தாளிகளோ என்ற எண்ணம் சிறுவயதில் இருந்தது. அதை மாற்றியது வளாகத்திலுள்ள இன்னொரு கல்லறை. திருநெல்வேலியில் 1896-இல் பிறந்து, 1972 ஏப்ரலில் சென்னையில் இறந்த காயிதே மில்லத் முகமது இஸ்மாயில் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். பள்ளி நிற்கும் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்கும் இப்போது அவர் பெயர்தான். அரசியல் நிர்ணய சபையில் 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றி விவாதம் நடந்தபோது, தொன்மைதான் அளவுகோல் என்றால் இந்த மண்ணில் பேசப்படும் மொழிகளில் மிகப் பழையவை திராவிட மொழிகளே, அவற்றுள் தமிழே முதலில் வரும் என்று எழுந்து நின்று வாதாடியவர். லக்னோவிலிருந்து வந்த பஹ்ருல் உலூமும் நெல்லையிலிருந்து வந்த காயிதே மில்லத்தும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள் என்பதை அத்தா எனக்குக் காட்டியபோது, "இதுவும் நம்ம பள்ளிதான்டா" என்று மட்டும் சொன்னார். அதன்பின் அந்தத் தயக்கம் பெரும்பாலும் போய்விட்டது.

இந்த ஆண்டு என் மகனுக்குப் பதினொரு வயது. ஹிஜ்ரி ஆண்டு கதிராண்டைவிட ஏறக்குறைய பதினொரு நாள் குறைவு என்பதால், நோன்பு ஆண்டுதோறும் முன்னால் நகர்ந்து நகர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரு சுற்றை முடித்துப் பழைய பருவத்துக்கே திரும்பிவிடும். 1993-இல் மாசியில் வந்த ரமலான் 2026-இல் மறுபடியும் மாசியில் வந்தது. அத்தா இப்போது இல்லை. பைண்டிங் கடை இருந்த இடத்தில் செல்பேசி உறைகள் விற்கிறார்கள். ஆனால் அஸருக்குப் பிந்தைய வெயில் அதே சாய்வில்தான் கல்லின்மேல் விழுகிறது, காலில் சுடாத அதே இதமான சூடுதான். அந்த ஒற்றுமைக்காகவே மகனை அழைத்துக்கொண்டு போனேன்.

முற்றத்தில் விரிப்புகள் போடப்பட்டிருந்தன. சிந்துப் பகுதியிலிருந்து பிரிவினையின்போது வந்தவர்கள் தொடங்கிய சூஃபிதார் அறக்கட்டளையின் தொண்டர்கள், மயிலாப்பூரில் சமைத்த சைவ உணவைக் கொண்டுவந்து நோன்பாளிகளுக்குப் பரிமாறுவதைப் பல்லாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். தலையில் தொப்பி அணிந்துகொண்டு வரிசையாக நின்று, ஆயிரம் பேருக்கும் மேல் தட்டு வைத்து முடிக்கும் வரை அவர்கள் அதிகம் பேசுவதில்லை. எங்கள் ஊர்ப் பள்ளியின் நோன்புக் கஞ்சியில் கறி வாசமும் தேங்காய்ப்பால் வாசமும் வரும். இங்கே கிடைக்கும் சாப்பாடு வேறு. மகனுக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

பாங்குக்கு அரைமணி நேரம் இருந்தது. அத்தாவின் கடைசிப் பேரேட்டிலிருந்து கிழித்தெடுத்த ஒரு வெற்றுத்தாளைக் கொண்டுபோயிருந்தேன். மேலே 786 மட்டும் எழுதி, கணக்கு எழுதாமல் விட்ட தாள். அதில் மூன்று சொற்களையும் எழுதிக் கொடுத்துக் கூட்டச் சொன்னேன். அவனும் மக்தபில் ஓதுபவன் என்பதால் பழக்கதோஷத்தில் வசனத்தை முழுமையாக 'வலஜிக்ருல்லாஹி' என்றே தொடங்கி, வாவையும் லாமையும் சேர்த்துக் கூட்டி 1245 என்றான். முப்பது ஆண்டுகளுக்குமேல் என் கண்ணில் படாத அந்த நுட்பம், அவன் செய்த பிழையில்தான் எனக்குப் புலப்பட்டது. இரண்டு எழுத்துகளை அடித்துவிட்டு மறுபடி கூட்டினான். 1209.

"அப்போ பள்ளிக்கு இப்போ என்ன வயசு, அத்தா?"

இப்போதைய ஹிஜ்ரி ஆண்டான 1447-இலிருந்து 1209-ஐக் கழித்தால் 238. 2026-இலிருந்து 1795-ஐக் கழித்தால் 231. பிறைக்கணக்கில் பெரிய பள்ளிக்கு ஏழு வயது கூடுதல். எது சரி என்று கேட்டான். இரண்டும் சரி என்றேன். அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, 786-க்குக் கீழே இரண்டு எண்களையும் பக்கம் பக்கமாக எழுதித் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தொண்டர் ஒருவர் எங்கள் முன்னால் பேரீச்சம்பழமும் தண்ணீரும் வைத்துவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். மினாராவிலிருந்து மோதினாரின் குரல் எழும் வரைக்கும் நாங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம்.